மூடிய ஆலையின் நிலத்தை என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரசாயனம், உலோகம், தோல், கருவிகள் என்று ஏதோ ஒன்றைப் பல ஆண்டுகள் தயாரித்துவிட்டு மூடப்பட்ட ஆலைகளின் நிலம் பற்றிய பக்கம் இது. பக்கத்தில் குடியிருப்பவர்கள், அங்கே வேலை பார்த்தவர்கள், அந்த இடத்தில் மனை வாங்க நினைப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதப்பட்டது. உதாரணத்துக்குப் பெரும்பாலும் கொடைக்கானல் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலையும் ராணிப்பேட்டை குரோமியக் கழிவும் வரும். தேவைப்படும் இடங்களில் வெளியூர்க் கதைகளும் உண்டு.

ஆலைதான் மூடிவிட்டதே, நாலு மழை பெய்தால் நிலம் தானாகச் சரியாகிவிடாதா?

எண்ணெய், டீசல் போன்றவை ஓரளவு சிதையும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்னும். உலோகங்கள் விஷயம் வேறு. பாதரசம், ஈயம், குரோமியம், ஆர்சனிக் எல்லாம் தனிமங்கள், அவற்றைச் சிதைக்கும் உயிர் எதுவும் கிடையாது. மழை அவற்றை அழிக்காது, இடம்தான் மாற்றும்.

ராணிப்பேட்டையைப் பாருங்கள். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் நிறுவனம் 1970களின் நடுவிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை சிப்காட் வளாகத்தில் இயங்கியது. தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைச் செய்தது. மூடியபோது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு வளாகத்திலேயே குவிந்து கிடந்தது. அதில் தண்ணீரில் எளிதாகக் கரையும், நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது. மழைத் தண்ணீர் மஞ்சளாக வழிந்து ஓடுவதும் நிலத்தடி நீர் கெடுவதும் ஆலை மூடிப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் நின்றபாடில்லை.

எந்த மாதிரி ஆலை நிலங்களைச் சந்தேகிக்க வேண்டும்?

தோல் பதனிடும் இடம், சாயப்பட்டறை, முலாம் பூசும் பட்டறை, பேட்டரி உருக்கும் இடம், பூச்சிமருந்து ஆலை, காஸ்டிக் சோடா ஆலை, மருந்து மூலப்பொருள் ஆலை. பழைய பெட்ரோல் பங்க்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலத்துக்கு அடியில் உள்ள டேங்க் ஓட்டையாகிப் பல வருஷம் கசிந்திருந்தாலும் மேலே ஒன்றும் தெரியாது.

வெறும் நூற்பாலையாக இருந்தாலும் டிரான்ஸ்பார்மர் இருந்த இடம், பாய்லர் சாம்பல் கொட்டிய மூலை, கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் என்று பார்க்க வேண்டியவை இருக்கும்.

முதல் வேலை மண் பரிசோதனைதானே?

இல்லை, முதல் வேலை விசாரணை. ஆலை எந்த ஆண்டு தொடங்கியது, எதை உள்ளே கொண்டுவந்தது, எதை வெளியே அனுப்பியது, இடையில் எவ்வளவு காணாமல் போனது, கழிவை எங்கே கொட்டினார்கள், கழிவுநீர்த் தொட்டி எங்கே இருந்தது, தீ விபத்து நடந்ததா? இதெல்லாம் தெரியாமல் மண்ணைத் தோண்டினால், தோண்ட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தோண்டிக்கொண்டிருப்போம்.

இந்தத் தகவலில் பாதி மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் கோப்புகளில் கிடைக்கும். மீதி அங்கே வேலை பார்த்தவர்களின் நினைவில்தான் இருக்கிறது. எந்த மரத்தடியில் டிரம் புதைத்தார்கள் என்பது எந்த ஆவணத்திலும் இருக்காது. ஆலோசனை நிறுவனங்கள் ஓய்வுபெற்ற மேலாளரிடம் பேசிவிட்டு வந்துவிடுகின்றன. கழுவித் துடைத்தவர்களிடமும் லாரி ஓட்டியவர்களிடமும் பேசினார்களா என்று கேளுங்கள்.

கொடைக்கானலில் விஷயம் வெளிவந்ததே ஒரு காயலான் கடையில்தான். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து 1980களின் தொடக்கத்தில் இங்கே கொண்டுவரப்பட்ட ஆலை அது. பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் உள்ள பழைய சாமான் கடை ஒன்றில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடப்பதை ஊர்மக்களும் முன்னாள் தொழிலாளர்களும் சூழல் அமைப்புகளும் வெளிக்கொண்டுவந்தார்கள். அதே மாதம் ஆலை மூடப்பட்டது.

பரிசோதனை அறிக்கை கையில் கிடைத்தால் எதைப் பார்ப்பது?

மாதிரி எடுத்த இடங்களின் வரைபடத்தை முதலில் பாருங்கள். நிலம் முழுவதும் கட்டம் போட்டு எடுத்தார்களா, சந்தேக இடங்களில் கூடுதலாக எடுத்தார்களா, வேலிக்கு வெளியே எடுத்தார்களா? மண் எவ்வளவு ஆழத்திலிருந்து எடுக்கப்பட்டது? பல இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாகச் சோதித்திருந்தால் கவனம் தேவை. மோசமான ஒரு இடம், நல்ல ஒன்பது இடங்களோடு கலந்து சராசரியில் மறைந்துவிடும்.

அடுத்து தண்ணீர். நிலத்தடி நீர் ஓடும் திசையைக் கண்டுபிடித்து, ஆலைக்கு மேல்பக்கமும் கீழ்பக்கமும் கண்காணிப்புக் கிணறு போட்டிருக்க வேண்டும். கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஒருமுறை எடுத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்குப் பாதரசம் 0.001 மில்லிகிராம், ஈயம் 0.01, மொத்தக் குரோமியம் 0.05 என்று வரம்பு வைக்கிறது. ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அங்கீகாரம் நீங்கள் கேட்கும் பொருளுக்கும் சேர்த்தா என்பது தனிக் கேள்வி.

எவ்வளவு சுத்தம் செய்தால் போதும்? அதற்கு ஒரு அளவு இருக்குமே?

எல்லாத் தகராறும் இங்கேதான் தொடங்குகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொடைக்கானல் ஆலை மண்ணுக்கு வைத்த இலக்கு ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம். அதற்கு மேல் உள்ள மண்ணைச் சுத்திகரிக்க வேண்டும், கீழே இருந்தால் விட்டுவிடலாம். இது பத்தாது என்று சூழல் அமைப்புகள் பல ஆண்டுகள் போராடின. பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு 1 மில்லிகிராம்தான் என்று காட்டினார்கள். எதிர்த்தரப்பில் சொன்ன வாதம்: இலக்கை இறுக்கினால் இன்னும் அதிக மண்ணைத் தோண்ட வேண்டும், மரங்களை வெட்ட வேண்டும், சரிவான மலை நிலம் அரித்துப் போகும்.

பிரிட்டன் 2009ல் வெளியிட்ட வழிகாட்டு அளவுகளை முழுதாகப் பார்த்தால் விஷயம் புரியும். குடியிருப்பு மண்ணில் உலோக வடிவில் உள்ள பாதரசத்துக்கு 1 மில்லிகிராம், மெத்தில் பாதரசத்துக்கு (கரிமச் சேர்மமாக உள்ள பாதரசம்) 11, கனிமச் சேர்மமாக இருந்தால் 170. ஒரே பாதரசத்துக்கு மூன்று எண்கள். உலோகப் பாதரசம் ஆவியாகி வீட்டுக்குள் மூச்சில் கலக்கும் என்பதால் அதற்குக் கடுமையான அளவு. ஆக, மண்ணில் எந்த வடிவில் இருக்கிறது, அது எந்த வழியாக மனிதனைச் சேரும், அந்த மனிதன் அங்கே என்ன செய்கிறான் என்ற மூன்றையும் சேர்த்துத்தான் எண் வருகிறது. வாரத்துக்கு ஒருநாள் வந்துபோகும் காவலாளிக்கு ஒரு எண், மண்ணில் விளையாடி விரலை வாயில் வைக்கும் குழந்தைக்கு வேறொரு எண்.

கொடைக்கானலில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆலை பாம்பார் சோலைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அங்கே வழியும் தண்ணீர் காட்டுக்குள் இறங்கி, கீழே ஆற்றில் சேர்கிறது. தண்ணீருக்கடியில் உள்ள சேற்றில் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீனில் சேரும், பெரிய மீனில் இன்னும் அதிகமாகச் சேரும். ஆகவே வேலிக்குள் மனிதர் குடியிருப்பதை மட்டும் வைத்துப் போடும் கணக்கு அங்கே முழுக் கணக்கு ஆகாது. என் அபிப்பிராயத்தில், 20 என்ற எண்ணைவிட, அந்த எண்ணுக்கு வந்துசேர்ந்த கணக்கு ஊர்மக்களுக்குப் புரியும்படி முன்கூட்டியே வைக்கப்படவில்லை என்பதுதான் பெரிய குறை. எண் முடிவான பிறகு கருத்துக் கேட்பதில் என்ன இருக்கிறது?

அப்படியானால் அந்த இடத்தில் பிறகு என்ன வரும் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டுமா?

ஆமாம். சுத்தம் செய்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம் என்பது பணத்தையும் வீணாக்கும், ஆபத்தையும் கொண்டுவரும். வீடா, பூங்காவா, கிடங்கா, சோலார் பேனலா, காடாக விடுவதா என்பது தெரிந்தால்தான் சுத்தத்தின் அளவும் முறையும் செலவும் முடிவாகும். கிடங்குக்காகச் சுத்தம் செய்த நிலத்தில் பத்து வருஷம் கழித்து யாரோ பள்ளிக்கூடம் கட்டினால் ஆபத்து.

இதைப் போன்றதுதான் அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கேனலில் நடந்தது. ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் பாதியில் கைவிடப்பட்ட ஒரு கால்வாயில் 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைக் கொட்டி மண்ணால் மூடியது. 1953ல் அந்த நிலத்தைப் பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தது. கழிவு புதைந்திருப்பது பத்திரத்திலேயே எழுதியிருந்தது. பின்னால் வரும் சேதத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்ற வரியும் இருந்தது. வாரியம் அங்கே பள்ளி கட்டியது, சுற்றிலும் வீடுகள் வந்தன, மேலே போட்ட களிமண் மூடியைப் பல இடங்களில் வெட்டினார்கள். 1978ல் நெருக்கடி நிலை அறிவித்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. மாசுபட்ட நிலங்களைச் சுத்தம் செய்வதற்கான அமெரிக்காவின் சூப்பர்ஃபண்ட் சட்டம் 1980ல் வந்ததற்கு இது முக்கியக் காரணம்.

ஜப்பானின் மினமாட்டாவில் பயன்பாட்டைத் திட்டத்தோடு சேர்த்தே யோசித்தார்கள். சிஸ்ஸோ ரசாயன ஆலையின் கழிவால் விரிகுடாவின் அடிச்சேறு பாதரசமாகிப் போயிருந்தது. 25 பி.பி.எம்.முக்கு (ஒரு கிலோவுக்கு 25 மில்லிகிராம்) மேல் பாதரசம் உள்ள சேற்றைத் தோண்டி, கரையோரம் எஃகுத் தகட்டுச் சுவர் எழுப்பி அதற்குள் நிரப்பி, மேலே நல்ல மண் போட்டு மூடினார்கள். 1977ல் தொடங்கி 1990ல் முடிந்த வேலை. அப்படி உருவான 58 ஹெக்டேர் நிலம் இன்று பூங்காவாகவும் விளையாட்டுத் திடலாகவும் நினைவிடமாகவும் இருக்கிறது. வீடு கட்டவில்லை. அடியில் பாதரசம் அப்படியேதான் இருக்கிறது, எஃகுச் சுவர் எத்தனை காலம் தாங்கும் என்ற கேள்வியும் அங்கே ஓயவில்லை.

சுத்தம் செய்ய என்னென்ன முறைகள் இருக்கின்றன?

பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகும். ஆகவே மண்ணைச் சூடாக்கி, வரும் ஆவியைக் குளிரவைத்துப் பாதரசத்தைப் பிடிக்கலாம். அதற்கு முன் மண்ணைக் கழுவிச் சலித்தால், மாசு பெரும்பாலும் ஒட்டியிருக்கும் நுண்துகள் தனியே வந்துவிடும், சூடாக்க வேண்டிய அளவு குறையும். கொடைக்கானலுக்குத் திட்டமிட்ட முறை இந்த வழிதான்.

ஆறு இணைதிறன் குரோமியத்தை ஃபெரஸ் சல்பேட் போன்ற இரும்புச் சேர்மத்தால் மூன்று இணைதிறனுக்கு மாற்றலாம். அது எளிதில் கரையாது, நச்சுத்தன்மையும் குறைவு. கேட்க எளிது, ஆனால் ராணிப்பேட்டையில் குவிந்திருப்பது போன்ற தாதுக் கழிவு காரத்தன்மை மிகுந்தது. துகளின் உள்ளே சிக்கியுள்ள குரோமியம் மெதுவாக வெளியே வந்துகொண்டிருக்கும். இன்று சோதித்தால் சரி என்று வரும், சில ஆண்டுகள் கழித்து மறுபடி கசியும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஜெர்சி சிட்டி வட்டாரத்தில், இதே வகைக் கழிவைப் பள்ளம் தூர்க்கும் மண்ணாகப் பயன்படுத்தினார்கள். பிறகு கட்டடச் சுவர்களில் மஞ்சள் படிகங்கள் பூத்தன. அந்தக் கழிவு காலப்போக்கில் உப்பித் தரையையே தூக்கவும் செய்யும்.

எண்ணெய் மாசுக்கு நுண்ணுயிர் முறை, கரைப்பான்களுக்கு மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சும் முறை, உலோகங்களுக்குச் சிமென்ட் கலந்து இறுக்கும் முறை, எதுவும் முடியாவிட்டால் மேலே களிமண்ணும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு மூடிவிடும் முறை. மூடுவதை மட்டமாக நினைக்க வேண்டாம், சில இடத்துக்கு அதுதான் சரி. ஆனால் பக்கவாட்டில் நிலத்தடி நீர் புகுந்து போகிற இடத்தில் மேலே மட்டும் மூடினால் குடை பிடித்துக்கொண்டு ஆற்றில் நிற்கிற கதைதான்.

சூரியகாந்தி, வெட்டிவேர் நட்டால் உறிஞ்சிவிடும் என்கிறார்களே?

கொஞ்சம் உறிஞ்சும், வேர் போகும் ஆழம் வரைக்கும். பல வருஷம் ஆகும். அறுவடை செய்த செடியே அபாயக் கழிவு, மாடு மேய விடக்கூடாது. லேசான மாசுக்கும் மண் அரிப்பைத் தடுக்கவும் நல்லது.

எல்லாவற்றையும் தோண்டி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?

யாருக்குத் தீர்ந்தது? போபால் யூனியன் கார்பைடு வளாகத்தில் கிடந்த 337 டன் கழிவு, விபத்து நடந்து 40 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி தொடக்கத்தில் பீதம்பூருக்குக் கொண்டுபோகப்பட்டது. பீதம்பூர் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். பிறகு நீதிமன்ற மேற்பார்வையில் எரித்தார்கள். அந்த 337 டன், மேலே மூட்டை கட்டி வைத்திருந்த கழிவு மட்டும்தான். வளாகத்தைச் சுற்றியுள்ள மண்ணும் நிலத்தடி நீரும் தனிக் கதை.

கொடைக்கானலிலிருந்து 2003ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கு மறுசுழற்சிக்குப் போனது. ஆலை வந்த நாட்டுக்கே கழிவு திரும்பிப் போன அபூர்வமான சம்பவம் அது, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அப்போதும் மாசுபட்ட மண் இங்கேயே நின்றது.

செலவு யாருடையது? சட்டம் என்ன சொல்கிறது?

மாசுபடுத்தியவரே கொடுக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியதே வட ஆற்காட்டுத் தோல் கழிவால்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கொள்கை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது.

ஆனால் பழைய ஆலை நிலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, யார் சோதிப்பது என்பதற்குத் தனி விதி 2025 ஜூலையில்தான் வந்தது. மாவட்ட நிர்வாகம் சந்தேகப்படும் இடங்களின் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும். மாநில வாரியம் 90 நாளில் முதல்கட்ட ஆய்வு செய்ய வேண்டும், பிறகு விரிவான ஆய்வு. மாசு உறுதியானால் காரணமானவரைக் கண்டுபிடித்து அவரிடம் செலவை வாங்க வேண்டும். அவர் இல்லை, அல்லது அவரால் முடியாது என்றால் மத்திய, மாநில அரசுகள் ஏற்கும். அந்த நேரத்தில் நாடு முழுவதும் 103 இடங்கள் அடையாளம் காணப்பட்டிருந்தன. 7 இடங்களில் மட்டுமே சுத்திகரிப்பு தொடங்கியிருந்தது.

ஓட்டைகளும் உண்டு. சுத்திகரித்து முடிக்க ஒரு கெடு வைக்கவில்லை. கதிரியக்கக் கழிவு, சுரங்கம், கடலில் எண்ணெய்க் கசிவு, குப்பைமேடு ஆகியவை இந்த விதிக்குள் வராது. எனவே பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடுகளுக்கு இதைக் காட்டிப் பேசுவது கடினம்.

வெளிநாட்டில் இது நன்றாக நடந்த இடம் உண்டா?

ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் 1985ல் மூடிய இரும்பு ஆலையைப் பீட்டர் லாட்ஸ் என்ற நிலக்காட்சிக் கலைஞர் இடிக்காமலேயே பூங்காவாக மாற்றினார். ஊதுலை மேல் ஏறி ஊரைப் பார்க்கலாம். பழைய வாயுக் கொள்கலனில் தண்ணீர் நிரப்பி முக்குளிப்புக் கற்றுத்தருகிறார்கள். மோசமான மண்ணை மூடி வைத்து, மனிதர் போகும் பாதையைத் தரையிலிருந்து உயர்த்திவிட்டார்கள். பயன்பாட்டை நிலத்துக்கு ஏற்றபடி வளைத்தது அங்கே உள்ள கெட்டிக்காரத்தனம்.

சியாட்டில் நகரின் பழைய நிலக்கரி வாயு ஆலை 1975ல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கொண்டாடப்பட்ட இடம்தான். ஆனாலும் 1984ல் மாசு பரிசோதனைக்காகச் சில காலம் மூட வேண்டி வந்தது. லண்டன் ஒலிம்பிக் பூங்காவில் மண்ணை அங்கேயே கழுவிப் பெரும்பகுதியைத் திருப்பிப் போட்டார்கள். அங்கே பணமும் இருந்தது, 2012 என்ற தள்ளிப்போட முடியாத தேதியும் இருந்தது. நம் ஊர் ஆலைகளுக்கு இரண்டும் கிடையாது.

பழைய ஆலை நிலத்தில் போட்ட லேஅவுட்டில் மனை வாங்கலாமா?

வில்லங்கச் சான்று மாசைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆனால் முன்பு யார் பெயரில் இருந்தது என்று சொல்லும். மூலப்பத்திரத்தில் ஏதாவது கெமிக்கல்ஸ், டேனரி என்று பெயர் வந்தால் அங்கேயே நில்லுங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைப் பார்த்தால் கொட்டகையும் கழிவுக் குட்டையும் தெரியும். தொழிற்சாலைப் பகுதியைக் குடியிருப்பாக மாற்றி உத்தரவு வாங்கியிருந்தால், அந்தக் கோப்பில் மண் பரிசோதனை இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திடமும் ஆலையின் பழைய அனுமதி, அபாயக் கழிவு விவரம் கேட்கலாம்.

இரண்டு விஷயங்களில் கூடுதல் கவனம் வேண்டும்: நிலத்தடி சம்ப், போர்வெல். மாசு மண்ணுக்குள் கட்டிய சம்ப்பில் விரிசல் விழுந்தால் தண்ணீரில் கலக்கும். போர்வெல்லோ மேலே உள்ள மாசுக்குக் கீழே இறங்கப் பாதை போட்டுக்கொடுக்கும். மேலே புதிதாகக் கிராவல் அடித்து மட்டம் பண்ணியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

அங்கே வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடம் உண்டா?

நிலம் ஒரு கோப்பு, தொழிலாளர் உடல்நலம் வேறு கோப்பு என்று பிரித்துவிடுவதுதான் வழக்கம். கொடைக்கானலில் 591 முன்னாள் தொழிலாளர்களுடனும் அவர்கள் குடும்பங்களுடனும் நிறுவனம் 2016 மார்ச்சில் உடன்பாடு செய்தது. ஆலை மூடிப் பதினைந்து ஆண்டு. அவர்களைத் திட்டக் குழுவில் முதல் நாளே உட்காரவைத்தால் நிலத்தைப் பற்றிய தகவலும் கிடைக்கும், சுத்திகரிப்பு வேலைக்கு வரும் புதிய கூலிகளுக்கு என்ன பாதுகாப்பு தேவை என்பதும் தெரியும். மண்ணைத் தோண்டுகிறபோது புழுதி பறக்கும், அதை மூச்சில் இழுப்பவர் ஜேசிபி ஓட்டுநரும் மண் அள்ளுபவரும்தான்.

கலெக்டர் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் என்ன கேட்பது?

பிறகு அந்த நிலத்தில் என்ன வரப்போகிறது, அதை யார் முடிவு செய்தார்கள் என்று முதலில் கேளுங்கள். இலக்கு எண் எந்தப் பயன்பாட்டை வைத்துப் போடப்பட்டது? வேலிக்கு வெளியே உள்ள ஓடையும் குளமும் கணக்கில் உண்டா? வேலை முடிந்ததாகச் சான்று தருவது, வேலை செய்த அதே நிறுவனமா, வேறு அமைப்பா? வேலை நடக்கும்போது காற்றில் அளவு கூடினால் யார் நிறுத்துவார்கள், அந்த அளவை ஊர்க்காரர்கள் தினமும் எங்கே பார்க்கலாம்? பதிலை வாயால் சொன்னால் போதாது, நிகழ்ச்சிக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

சுத்திகரிப்பு முடிந்தது என்று அறிவித்த பிறகு?

கண்காணிப்புக் கிணறுகளில் தொடர்ந்து தண்ணீர் எடுத்துச் சோதிக்க வேண்டும், வருஷத்துக்கு இரண்டு முறையாவது. அதற்கான பணம் முன்கூட்டியே தனிக் கணக்கில் கட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது வருஷமே நிதி இல்லை என்பார்கள். போர்வெல் போடக்கூடாது, இத்தனை அடிக்குக் கீழே தோண்டக்கூடாது, குடியிருப்பு கட்டக்கூடாது போன்ற கட்டுப்பாடுகள் இருந்தால் அவை பத்திரத்திலும் நகர்ப்புறத் திட்ட வரைபடத்திலும் ஏற வேண்டும். லவ் கேனல் பத்திரத்தில் எச்சரிக்கை இருந்தும் பயன்படவில்லை, ஏனென்றால் கட்டட அனுமதி கொடுத்த எவரையும் அது கட்டுப்படுத்தவில்லை. இங்கே பதிவுத் துறை, திட்ட அனுமதி தரும் துறை, உள்ளாட்சி ஆகிய மூன்றின் பதிவேட்டிலும் ஒரே சர்வே எண்ணுக்கு ஒரே குறிப்பு இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுத்தான் கோப்பை முடிக்க விடவேண்டும்.